‘ஜிப் கோடு சொல்லுங்க மேடம்’

பக்கத்து வீட்டு அம்மாவின் ஸ்கேனர் மக்கர் பண்ணியதில்தான் எனக்கு இந்தக் கதையே தெரியவந்தது. 2019 பிப்ரவரி, வர்ஜீனியாவில் நல்ல குளிர். “உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்தானே, ஐந்து நிமிஷம் வந்து பார்க்கிறாயா” என்று போன். ஐ.டி.யில் வேலை பார்க்கிறவன் என்றால் அக்கம்பக்கத்து பிரிண்டர் எல்லாம் அவன் தலையில்தான் விடியும். போனேன். உள்ளே ஒரு காகிதம் மடங்கிச் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். அதை மெதுவாக இழுத்து நீவிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட எண்கள் என்னை அந்தச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டன.

அவர் கணவர் விமானப்படையில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வியட்நாம் போய் வந்தவர். ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியை அமெரிக்கப் படை அங்கே காடு காடாகத் தெளித்ததே, அதனால் வந்தது என்று அரசே ஒப்புக்கொண்ட புற்றுநோயில் 2011இல் இறந்துபோனார். நான் இழுத்தெடுத்த காகிதம் அந்த அம்மாவுக்கு மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியக் கணக்கு. எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன், அவர் கணக்கை ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மொத்தம் 1,650 டாலர். அடுத்த வரியில் கழிவு 1,319 டாலர். மிச்சம் 331.

“இது என்ன கழிவு, வரியா?” என்றேன்.

“எல்லாரும் விதவை வரி என்றுதான் சொல்கிறோம். ஆனால் வரி இல்லை, வரியாக இருந்தால் யாராவது குறைத்திருப்பார்கள்” என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு பணம் இருக்கிறது. ஒன்று எஸ்பிபி, சர்வைவர் பெனிஃபிட் பிளான், 1972இல் வந்தது. ஓய்வுபெறும் ராணுவத்தார் பிரீமியம் கட்டிச் சேரும் திட்டம். ஒரு அடிப்படைத் தொகையைத் தேர்ந்தெடுத்து அதில் 6.5 சதவீதம் மாதாமாதம் கட்டினால், அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கோ கணவருக்கோ அதே தொகையில் 55 சதவீதம் வரும். 3,000 டாலருக்கு எடுத்தவர் மாதம் 195 கட்டுவார், பின்னால் குடும்பத்துக்கு 1,650. இன்னொன்று டிஐசி. பணி காரணமான காயத்தாலோ நோயாலோ இறந்தவரின் குடும்பத்துக்குப் படைவீரர் நலத்துறை தரும் ஈட்டுத்தொகை, 2019இல் மாதம் 1,319 டாலர் சொச்சம். முதலாவது காசு கட்டி வாங்கியது. இரண்டாவது போன உயிருக்காகக் கொடுப்பது. ஆனால் சட்டம் என்ன சொன்னது என்றால், இரண்டாவது கைக்கு வந்தால் முதலாவதில் அதே அளவு, டாலருக்கு டாலர் வெட்டு. வெட்டிய பகுதிக்குக் கட்டிய பிரீமியத்தை மட்டும் திருப்பித் தருவார்கள். வட்டி கிடையாது. இப்படிச் சுமார் 65,000 குடும்பங்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அது முட்டாள்தனமான வாதம் இல்லை. இரண்டு திட்டத்திலும் அரசுப் பணம் இருக்கிறது, இரண்டும் ஒரே மரணத்துக்கு, ஒருவருக்கு ஏன் இரண்டு தடவை என்றார்கள். காகிதத்தில் படித்தால் சரி மாதிரிதான் தெரியும். ஆனால் பணியால் வராத ஒரு மாரடைப்பில் கணவர் போயிருந்தால் அந்த அம்மாவுக்கு எஸ்பிபி பணம் வெட்டில்லாமல் முழுதாக வந்திருக்கும், பணியால் வந்த நோயில் போனதால் அதில் வெட்டு, அதுவும் அவரே காசு கட்டி வாங்கியதில், என்று யோசித்தால் வாதம் ஆட்டம் காண்கிறது.

அவர் ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது எம்ஓஏஏ என்ற சங்கத்துக்கு. மிலிட்டரி ஆஃபீசர்ஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா. 1929இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கமாகத் தொடங்கியது, 1944இல் வாஷிங்டனுக்கு வந்தது, 2003இல் பெயரிலிருந்து ‘ஓய்வுபெற்ற’ என்பதை எடுத்துவிட்டது. இப்போது தலைமையகம் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில். மூன்றரை லட்சம் உறுப்பினர்கள், பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இறந்த அதிகாரிகளின் மனைவிமார் கணவன்மார் எல்லாரும் உண்டு. தேர்தலில் யாருக்கும் ஆதரவு சொல்வதில்லை. அதிகாரிகள் சங்கம் என்று பெயர் இருந்தாலும் கேட்பவை பெரும்பாலும் எல்லாப் படிநிலைக்கும் பொருந்தும் விஷயங்கள்தான், சிப்பாய் விதவைக்கும் இதே வெட்டு இருந்தது.

சங்கம் எதற்கு, அதிகாரிகளே பேசக் கூடாதா என்று எனக்கும் தோன்றியது. முடியாது. அமெரிக்க ராணுவச் சட்டத்தொகுப்பில் 88ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஜனாதிபதியையோ காங்கிரஸையோ (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அது) இகழ்ந்து பேசினால் ராணுவ நீதிமன்றம், அதுவும் அந்தப் பிரிவு கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு மட்டும். படைகளில் தொழிற்சங்கம் அமைக்க 1978இலிருந்து சட்டப்படி தடை. தனி ஆளாகத் தன் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், அந்த உரிமையைச் சட்டமே காக்கிறது. ஆனால் சீருடையில் வரிசை கட்டிப் போய்க் கேட்க முடியாது. நம் ஊரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சங்கம் சேரும் உரிமைக்குக் கடிவாளம் போடுகிறது, அதனால்தான் ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்காக ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் முன்னாள் வீரர்கள். ஒரு வித்தியாசம், நம் ஊரில் அது கடைசியில் 2015 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு கடிதமாக வந்தது. அமெரிக்காவில் இந்த மாதிரி விஷயம் ஒவ்வொன்றும் காங்கிரஸில் சட்டமாக வர வேண்டும், அதனால் முட்டவேண்டிய கதவும் வேறு.

அந்தக் கதவைத் தட்டுவது எப்படி என்று அந்த ஏப்ரலில் நேரில் பார்த்தேன். சங்கத்தின் உள்ளூர் கிளைக்காரர்களோடு அம்மா காங்கிரஸ் அலுவலகங்களுக்குப் போனார், நான் டிரைவர். உறுப்பினர்களின் அலுவலகங்கள் இருக்கும் ரேபர்ன் கட்டடத்து வாசலில் பாதுகாப்புச் சோதனை. எங்கள் குழுவில் ஆறு பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ உலோகம். ஒவ்வொருவராக அந்தச் சட்டகத்துக்குள் நுழைய அது ஒவ்வொரு தடவையும் கத்த, காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைக்கருவியால் தடவ, உள்ளே போகவே இருபது நிமிடம் ஆயிற்று.

குழுவுக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன். மின்தூக்கி அருகே நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். “ஒரு கதை, ஒரு எண், ஒரு கோரிக்கை. நான்காவது வேண்டாம். வியட்நாமைப் பற்றி யாரும் பேசக் கூடாது, முக்கியமாக நான்.” உறுப்பினரைப் பார்ப்போம் என்று நினைத்துப் போயிருந்தேன். பார்த்தது அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு இருபத்து நான்கு வயதுப் பையனை. உள்ளறையில் வேறு யாரோ இருந்ததால் நடைபாதையிலேயே நின்று பேசினோம். பையனின் முதல் கேள்வி, “ஜிப் கோடு சொல்லுங்க மேடம்.” நம் ஊர் பின்கோடு மாதிரி. அம்மா சொன்னார். தொகுதிக்காரர்தான் என்று உறுதியான பிறகுதான் நோட்டைத் திறந்தான். இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்களோ.

அம்மா ஒன்றும் வாதாடவில்லை. அந்தக் கணக்குத் தாளை நீட்டினார். பையன் படித்தான், திரும்பப் படித்தான், கழிவு என்ற வரியில் விரலை வைத்து “இது அச்சுப் பிழையா?” என்று கேட்டான். கேப்டன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை பேரும் அத்தனை உலோகத்தோடு வந்திருந்தார்கள்.

இதில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் வேறு. அந்த உறுப்பினர் இந்த வெட்டை நீக்கும் மசோதாவுக்கு ஏற்கெனவே ஆதரவுக் கையெழுத்துப் போட்டவர். கேப்டனிடம் பட்டியல் இருந்தது. அப்புறம் எதற்குப் போனோம்? கையெழுத்துக்கு ஒரு செலவும் இல்லை. விதவைகளுக்கு நியாயம் வேண்டாம் என்று எந்த அரசியல்வாதியாவது சொல்வானா? ஆண்டுக்கணக்காக இரு கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஃப்ளோரிடா செனட்டர் பில் நெல்சன் வருஷா வருஷம் திருத்தம் கொண்டுவருவார், செனட்டில் தேறும், இரு அவைகளும் உட்கார்ந்து ஒரே மசோதாவாக்கும்போது பூட்டிய அறையில் காணாமல் போகும். காரணம் எப்போதும் ஒன்றுதான், அதை இங்கே ‘ஸ்கோர்’ என்கிறார்கள். ஒரு சட்டத்தால் பத்து ஆண்டில் எவ்வளவு செலவு என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் போடும் மதிப்பீடு. இந்த வெட்டை நீக்க 500 கோடி டாலருக்கும் மேல். ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவு இல்லை இது, சட்டப்படி கொடுத்தே தீரவேண்டிய வகை, அதனால் அதே அளவு பணத்தை வேறு எங்கிருந்தாவது வெட்டிக் காட்டவேண்டும். அந்த வேறு எங்கோ என்பதும் யாரோ ஒருவருடைய பணம், அவருக்கும் ஒரு சங்கம் இருக்கும். அதனால் கேப்டன் பையனிடம் கேட்டது ஆதரவு இல்லை. “உங்கள் உறுப்பினர் சபைக் குழுவின் தலைவரிடம் இதை வாய்விட்டுச் சொன்னாரா, எப்போது சொன்னார்?” என்பதுதான். பையன் விழித்தான்.

ஐம்பது டாலர் கதையையும் சொல்லவேண்டும். வெட்டை நீக்கப் பணம் இல்லை என்ற காங்கிரஸ், 2008 அக்டோபரிலிருந்து மாதம் 50 டாலர் ஆறுதல் தொகை கொடுக்க ஆரம்பித்தது. ஆயிரத்துச் சொச்சம் எடுத்துக்கொண்டு ஐம்பது. அம்மாவுக்குத் தெரிந்த விதவைகளுக்குள்ளேயே இதில் பெரிய சண்டையாம், பிச்சை மாதிரி இதை வாங்கக் கூடாது என்று சிலர், வாங்கினால் தவறு என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி என்று சிலர். அது மெல்ல மெல்ல ஏறி 2017இல் 310 ஆனது, 2018 மே மாதத்தோடு நின்றுபோகும் என்று சட்டத்தில் இருந்தது, அதை நிரந்தரமாக்கவே தனியாக ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. எனக்கு முதலில் ரோஷக்காரர்கள் பக்கம்தான் சாய்வு. யோசிக்க யோசிக்க மாறிவிட்டது. ஐம்பதை மறுத்திருந்தால் கணக்குத் தாளில் அப்படி ஒரு வரியே இருந்திருக்காது. தாளில் ஒரு வரி வந்துவிட்டால் அடுத்த வருஷம் அதைப் பெரிதாக்கிக் கேட்கலாம்.

அபத்தம் இத்தோடு நிற்கவில்லை. 57 வயதுக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்ட மூன்று விதவைகள் வழக்குப் போட்டு, 2009இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு இரண்டு தொகையும் முழுசாகக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டது. சட்ட வாசகம் அப்படி அமைந்திருந்தது. ஆக, மறுபடி கல்யாணம் செய்தால் முழுப் பணம், போனவரை நினைத்துக்கொண்டு தனியாக இருந்தால் வெட்டு. “எனக்கு இன்னொருத்தனுக்குச் சமைத்துப் போட வயசில்லை, இல்லாவிட்டால் காங்கிரஸுக்காக ஒரு கல்யாணம் செய்திருப்பேன்” என்றார் அம்மா.

இன்னொரு பக்கம் இளம் விதவைகள். பணியில் இருக்கும்போதே கணவர் இறந்திருந்தால், வெட்டைத் தவிர்க்க எஸ்பிபி பணத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு வழி இருந்தது, நிறையப் பேர் மாற்றினார்கள். 2017 வரிச் சட்டம் வந்தது, பிள்ளைகளின் சம்பாதிக்காத வருமானத்துக்கு அறக்கட்டளைகளுக்குரிய வரி விகிதம் என்று மாற்றியது. பணக்காரர்கள் பிள்ளைகள் பெயரில் சொத்தை ஒளிப்பதைப் பிடிக்கும் பழைய விதி அது. அதன் உச்ச விகிதம் 37 சதவீதம். 2019 வசந்தத்தில் வரிக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் அப்பாவை இழந்த பிள்ளைகளுக்குத் தொகை எகிறியிருப்பது தெரிந்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஏன் பிள்ளை பெயரில் மாற்றினீர்கள் என்று நிருபர்கள் கேட்கக் கேட்க, அதற்கு முந்தின வெட்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த வருஷம் எல்லாம் ஒன்றுகூடியது. பிரதிநிதிகள் சபையில் ஜோ வில்சன் கொண்டுவந்த எச்.ஆர். 553 என்ற மசோதா, செனட்டில் டக் ஜோன்ஸும் சூசன் காலின்ஸும் கொண்டுவந்த மசோதா. 290 உறுப்பினர் கையெழுத்து சேர்ந்தால் மசோதாவைக் கிடப்பில் போட முடியாதபடி கீழவையில் அந்த ஜனவரியில்தான் ஒரு புது விதி வந்திருந்தது. ஆண்டாண்டாகப் பொறுக்கிச் சேர்த்த செலவில்லாத கையெழுத்துகளுக்குத் திடீரென்று விலை வந்துவிட்டது. ஜூலையில் அதன் வாசகம் கீழவையின் வருடாந்திரப் பாதுகாப்பு மசோதாவிலேயே ஏறியது, 2019 டிசம்பர் 20 அன்று ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். பிள்ளைகள் வரியும் அதே நாளில் வேறொரு சட்டத்தில் சரியானது. வெட்டு ஒரேயடியாகப் போகவில்லை. 2021இல் மூன்றில் இரண்டு பங்கு, 2022இல் மூன்றில் ஒரு பங்கு, 2023இல் பூஜ்யம். பின்தேதியிட்டு நிலுவை எதுவும் கிடையாது. பில் நெல்சன் முந்தைய வருஷத் தேர்தலில் தோற்றுப்போயிருந்தார், அவர் அந்த அவையில் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2013 டிசம்பரில் ஒரு பட்ஜெட் ஒப்பந்தத்தில், 62 வயதுக்குக் கீழ் இருக்கும் ராணுவ ஓய்வூதியர்களின் விலைவாசி உயர்வுப் படியில் ஒரு சதவீதம் குறைப்பு என்று போட்டார்கள். இதே சங்கமும் கூட்டாளிகளும் கொதித்தெழுந்தார்கள். 2014 பிப்ரவரியில், அதாவது இரண்டே மாதத்தில், ஏற்கெனவே படையில் சேர்ந்திருந்தவர்களுக்கு அது ரத்து, செனட்டில் 95க்கு 3. அதே நகரம், அதே ஆட்கள், அதே தொலைபேசி எண்கள். அங்கே லட்சக்கணக்கானவர்கள், புதுசாகப் பறித்தது. இங்கே 65,000 பேர், பழகிப்போன வெட்டு. புதுசாகப் பறித்தால்தான் சத்தம் கேட்கும் போல.

இந்தச் சங்கத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றரை லட்சம் பேர், பெரும்பாலும் படித்தவர்கள், எப்படிப் பேசவேண்டும் என்று தெரிந்தவர்கள், ராணுவம் என்றாலே எழுந்து நிற்கும் ஒரு நாட்டில் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுக்கே இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆனது என்றால், சங்கம் இல்லாத வீட்டு வேலைக்காரிகளும் பண்ணைத் தொழிலாளிகளும் இந்த ஸ்கோர் என்ற சுவரில் எத்தனை காலம் முட்டுவார்கள்? கேப்டனிடம் கேட்டேன். “அவர்களும் வரட்டும், நடைபாதை அகலமாகத்தானே இருக்கிறது” என்றார். பாதி பதில்தான் அது.

2023 பிப்ரவரி முதல் வாரம் அம்மா கூப்பிட்டார், இந்தத் தடவை ஸ்கேனருக்கு இல்லை. மேசையில் புதிய தாள். கழிவு என்ற வரி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. 300 சொச்சம் ஆறுதல் தொகையும் நின்றுபோயிருந்தது, அது நியாயம்தான். பழைய தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாக ஒப்பிட்டார், நான் ஒருதரம் ஒப்பிட்டேன், அப்புறம் அவர் இன்னொரு தரம்.

இப்போது அந்தக் கோப்பில் மேஜர் ரிச்சர்ட் ஸ்டார் சட்டத்தின் தாள்கள் இருக்கின்றன. போரில் காயப்பட்டு, இருபது வருஷப் பணி முடிக்காமலே மருத்துவக் காரணத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஓய்வூதியத்திலிருந்து ஊன ஈட்டுத்தொகையைக் கழிக்கும் வெட்டை நீக்கக் கேட்கும் மசோதா அது. ஒரே ஆளுக்கு இரண்டும் கூடாது என்ற அந்தத் தடையின் வேர் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பெயருக்குரிய மேஜர் 2021இல் புற்றுநோயில் இறந்துவிட்டார். 118ஆவது காங்கிரஸில், அதாவது 2023-24இல், கீழவையில் 300க்கும் மேல் கையெழுத்து, செனட்டில் 70க்கும் மேல், ஆனாலும் தேறவில்லை. காரணம் ஸ்கோர்.

அம்மாவுக்கு இதில் ஒரு டாலர் வரப்போவதில்லை. போன வாரம் காங்கிரஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டாராம். பழைய பையன் சட்டக் கல்லூரிக்குப் போய்விட்டானாம், எடுத்தது புதுப் பெண், ஜிப் கோடு கேட்டுவிட்டு எந்த மேஜர் என்றாளாம். முதலிலிருந்து சொல்லி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனதாம்.